வலைத்தளத்துக்கு ஒரு வீட்டுப் பிரதி

வெளிமாநிலங்களில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர் வீடுகளில், மாதுங்காவிலாயினும் கரோல்பாகிலாயினும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலாயினும், பரண்மேல் ஒரு தகரப்பெட்டி இருப்பது வழக்கம். அதைத் திறந்தால் வாரப் பத்திரிகையிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, காலிகோ பைண்டு செய்த தொடர்கதைத் தொகுதிகள் நான்கைந்தாவது அகப்படும். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை இவ்விதம் கட்டி வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. பின்னாளில் அக்கதை அச்சுப் புத்தகமாக எளிதில் கிடைத்தபோதும் அந்தப் பழைய கட்டை எடைக்குப் போட எவருக்கும் மனம் வரவில்லை. அதில் மணியம் வரைந்த சித்திரங்கள் இருந்தன. கதைக்கு நடுவே அக்காலத்து விளம்பரங்கள் இருந்தன. ஓரத்தில் பாட்டி பென்சிலால் எழுதிய பால் கணக்கும் இருந்தது.

இன்று நாம் தமிழ் படிப்பது பெரும்பாலும் திரையில். தமிழ்ப் பத்திரிகைக்காகக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வந்து சேரும்வரை காத்திருந்த காலம் போயிற்று. விரலால் தொட்டவுடன் எல்லாம் வருகிறது. வருவதனாலேயே, அது நம்மிடம் இருப்பதாகவும் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் நாம் படித்த பக்கம் நம் வீட்டில் இல்லை. எங்கோ ஒரு நகரத்தில், நாம் பார்த்திராத ஒரு கணிப்பொறியில் இருக்கிறது. அதற்கு ஒருவர் ஆண்டுதோறும் வாடகை கட்டி வருகிறார். தளத்தின் பெயருக்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. அவர் கட்டத் தவறினால், அல்லது கட்டுவதற்கு அவரே இல்லாமற் போனால், சில வாரங்களில் பெயர் கைமாறிவிடும்; பக்கங்களும் போய்விடும்.

இது வீண் அச்சமன்று. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் நூற்றுக்கு 38 பக்கங்கள் பத்தாண்டு கழித்துப் பார்க்கையில் கிடைக்கவில்லை. தனிப்பட்ட பக்கங்கள் ஒருபுறமிருக்க, ஊர் முழுவதுமே ஒரே நாளில் காலியானதும் உண்டு. 1994-இல் தொடங்கி, 1999-இல் யாஹூ விலைக்கு வாங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில், பணம் கொடுக்காமலேயே எவரும் ஒரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம். பல்லாயிரக்கணக்கானோர் அங்கே குடியேறினர், தமிழரும் இருந்தனர். 2009 ஏப்ரலில் மூடப்போவதாக அறிவித்தார்கள். அக்டோபர் 26-ஆம் நாள் மூடினார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் 'ஆர்க்கைவ் டீம்' என்ற தன்னார்வக் குழுவினர் இரவு பகலாகப் பிரதி எடுத்ததனால் பெரும்பகுதி தப்பியது. பக்கத்தின் சொந்தக்காரர்களில் பலருக்கோ, மூடிய செய்தியே பிறகுதான் தெரிந்தது.

இதற்கென்றே இணைய ஆவணக் காப்பகம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, மிகப்பெரிய தொண்டு செய்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் 1996-இல் தொடங்கிய அக்காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' 2025 அக்டோபரில் ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைத் தாண்டிற்று. ஆயினும் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை இந்தியாவில் வசிக்கும் நாம் நேரில் கண்டோம். 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காகப் பிறந்த ஒரு நீதிமன்ற உத்தரவினால், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தளங்களோடு சேர்ந்து இக்காப்பகமும் நம் நாட்டில் சில நாள் அடைபட்டுக் கிடந்தது. 2024 அக்டோபரில் அதன்மீதே தாக்குதல் நடந்து, பல நாட்கள் திறக்க முடியாமற் போயிற்று. மேலும் அது ஒரு தளத்தின் முகப்பை எடுத்திருக்கும், உள்ளே ஆறாவது பக்கத்தை எடுத்திராது. நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஆறாவது பக்கமாகவே இருக்கும்.

எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம். வடக்கே ஒரு நகரத்தில் ரெயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர், தம் மனைவியும் அக்கம்பக்கத்து மூதாட்டிகளும் பாடிய தாலாட்டு, நலங்கு, கும்மி, ஒப்பாரி முதலியவற்றைத் தாமே எழுதி ஒரு தளமாக அமைத்திருந்தார். சுமார் நூற்று நாற்பது பக்கம். ஒவ்வொரு பாட்டின் கீழும் 'கேட்க' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பாடியவரின் குரலே கேட்கும். நல்ல காரியம் என்று மெச்சி, அவரிடம் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு பிரதி எடுத்து வைத்தோம். மறு வருஷம் பெரியவர் காலமானார். அதற்கு அடுத்த வருஷம் தளத்தின் பெயரைப் புதுப்பிக்க ஆளில்லை. இன்று அதே பெயரை இட்டுத் தேடினால் சூதாட்ட விளம்பரம் ஒன்று வருகிறது. எங்கள் பிரதி என்ன ஆயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம். முதலில் பிரதி எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

உலாவியில் 'பக்கத்தைச் சேமி' என்றொரு வசதி இருப்பதை அறிவீர்கள். அது கண்ணெதிரே இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கும். நூற்று நாற்பது பக்கத்தை அவ்வாறு ஒவ்வொன்றாக எடுப்பது இயலாது. எடுத்தாலும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் செல்லும் இணைப்புகள் யாவும் பழையபடி வெளியுலகத்தையே நோக்கி நிற்கும். முழுத்தளத்தையும் எடுப்பதற்குத் தனியே கருவிகள் உள்ளன. பழமையானதும் நம்பகமானதும் குரோஷிய நாட்டு ஹர்வோயே நிக்சிச் 1996-இல் வெளியிட்ட விகெட். கறுப்புத் திரையில் கட்டளை எழுதப் பழகியவர்களுக்கு அது ஏற்றது. கட்டளை எழுதத் தயங்குபவர்களுக்கு, பிரெஞ்சுக்காரரான சேவியர் ரோஷ் 1998-இல் தொடங்கிய எச்டிடிராக் உண்டு. அது 'அடுத்து, அடுத்து' என்று வழி கேட்டுக்கொண்டே போகும். இரண்டுக்கும் விலை கிடையாது.

இவை வேலை செய்யும் விதம் எளியது. முகப்புப் பக்கத்தை முதலில் எடுக்கும். அதில் உள்ள இணைப்புகளையெல்லாம் ஒரு ஜாபிதாவாகக் குறித்துக்கொள்ளும். பிறகு ஜாபிதாவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் காணும் புதிய இணைப்புகளையும் சேர்த்துக்கொண்டே போகும். படங்களையும் பக்கத்தின் அழகமைப்புக் கோப்புகளையும் உடன் கொண்டுவரச் சொல்லலாம். எல்லாம் வந்து சேர்ந்தபின் கடைசி வேலையாக, பக்கங்களுக்குள் இருக்கும் இணைப்புகளை நம் வீட்டுக் கோப்புகளை நோக்கித் திருப்பி எழுதும். எடுக்காமல் விட்டவற்றுக்கு மட்டும் வெளி விலாசத்தையே முழுமையாக எழுதிவைக்கும். விகெட்டில் இந்தத் திருத்தம் இறுதியில்தான் நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'முக்கால்வாசி வந்துவிட்டது, போதும்' என்று நடுவில் நிறுத்தினால், பக்கங்கள் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழியிராது.

இக்கருவிகளுக்கு ஓய்வும் தெரியாது, எல்லையும் தெரியாது. எல்லையை நாம்தான் வகுக்க வேண்டும். வகுக்கத் தவறி ஒருமுறை நன்றாக அனுபவித்தோம். ஒரு கோயிலின் தளத்தைப் பிரதியெடுக்க இரவில் ஏவிவிட்டுப் படுத்தோம். அதில் ஒரு பஞ்சாங்கப் பக்கமும், அதன் கீழே 'அடுத்த மாதம்' என்றோர் இணைப்பும் இருந்தன. காலையில் எழுந்து பார்க்கையில் கருவி ஸ்தல புராணத்தைத் தொடவே இல்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இந்த நூற்றாண்டின் இறுதியை நெருங்கிக்கொண்டிருந்தது! கேட்கக் கேட்கப் பக்கத்தை உண்டாக்கித் தரும் இத்தகைய இடங்களை முன்கூட்டியே விலக்கிவிட வேண்டும். எத்தனை படி ஆழம் செல்லலாம், எந்தப் பகுதிக்கு மேலே ஏறக்கூடாது, எந்தத் தளத்துக்கு வெளியே கால் வைக்கக்கூடாது என்றெல்லாம் சொல்லி அனுப்ப இரு கருவிகளிலும் இடமுண்டு.

தமிழ்த் தளங்களில் வேறு இரண்டு சங்கடங்கள் உள்ளன. ஆங்கில வழிகாட்டிகளில் இவை அகப்படமாட்டா. ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முதலாவது எழுத்து. யூனிக்கோடு பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் பலவிதக் குறியேற்றங்களில் எழுதப்பட்டன. திஸ்கி ஒன்று, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் இரண்டு, பத்திரிகைகள் தாமாக வைத்துக்கொண்டவை பல. இவற்றிலெல்லாம் 'க' என்ற எழுத்து 'க'வாகப் பதிவாகியிராது. ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துரு ஒன்று இருக்கும். அது இருந்தால்தான் தமிழாகத் தெரியும். எழுத்துருவை விட்டுவிட்டுப் பக்கத்தை மட்டும் எடுத்தால், தலைக்குமேல் புள்ளியும் கொம்பும் முளைத்த லத்தீன் எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். அக்காலத்துத் தளங்கள் சில, எழுத்துரு தானே வந்து சேரும்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தன. இன்றைய உலாவிகள் அதை ஏற்பதில்லை. எனவே பழைய தளத்தைப் பிரதியெடுக்கும்போது, 'எழுத்துருவை இங்கே பெறுக' என்ற மூலையைத் தேடிப் பிடித்து அக்கோப்பையும் சேர்த்து வைக்க வேண்டும். பின்னர் யூனிக்கோடாக மாற்றிக்கொள்ள மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றியபின் மூலத்தை அழித்துவிடாதீர்கள். மாற்றி சில இடங்களில் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்பிவிட்டிருக்கும். ஒத்துப் பார்க்க மூலம் வேண்டும்.

இரண்டாவது கோப்பின் பெயர். யூனிக்கோடில் எழுதிய தளங்களில் கட்டுரையின் தமிழ்த் தலைப்பே விலாசமாகவும் அமைவதுண்டு. 'தமிழ்' என்ற சொல்லை நாம் மூன்று எழுத்தாக எண்ணுகிறோம். கணிப்பொறிக்கு அது மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்ந்து ஐந்து குறி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. விலாசத்தில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, மூன்றெழுத்துத் தமிழ் நாற்பத்தைந்து எழுத்தாகிறது. விண்டோஸில் ஒரு கோப்பின் முழு விலாசமும் 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. புதிய பதிப்புகளில் அதைத் தளர்த்த வழியிருந்தாலும் எல்லாச் செயலிகளும் அதற்கு இசைவதில்லை. இப்படிப்பட்ட சொற்கள் ஆறு சேர்ந்த ஒரு தலைப்பு வந்தால் கணக்கு மீறிப்போய்விடும். அந்தப் பக்கம் சேமிக்கப்படாமற் போகலாம்; கருவியின் பிழைக் குறிப்பேட்டில் ஒரு வரி விழுந்திருக்கும், நம் கண்ணுக்கு அது படாது. டிஸ்கின் வாயிலிலேயே, ஓரெழுத்துப் பெயருள்ள உறை ஒன்றைத் திறந்து, அதற்குள் பிரதியை இறக்குவது ஓரளவு உதவும். பெயரைச் சுருக்கி வைக்கும்படி எச்டிடிராக்கில் ஏற்பாடும் செய்யலாம். லினக்ஸ் வைத்திருப்போருக்கும் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்படக்கூடாது என்ற வரம்பு உண்டு.

புதுமாதிரித் தளங்கள் சிலவற்றிடம் இக்கருவிகள் தோற்றுப்போகும். அங்கே பக்கம் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. நாம் திறக்கும்போதுதான் உலாவிக்குள் நிரல் ஓடிப் பக்கத்தைக் கட்டுகிறது. கருவி சென்று கேட்டால் வெறும் பந்தல்தான் கிடைக்கும். அத்தகைய பக்கம் ஒன்றிரண்டானால், சிங்கிள்பைல் என்னும் உலாவித் துணையைக்கொண்டு படத்தோடு ஒரே கோப்பாகச் சுருட்டிக்கொள்ளலாம். பலவானால், நாம் உலாவுவதையே கூடவிருந்து பதிவு செய்யும் வெப்ரிக்கார்டர் கருவிகள் உள்ளன. உழைப்பு அதிகம்.

பிரதி எடுக்கத் தேவையே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே போய்க் கருவியை ஏவுவது அறியாமை. விக்கிப்பீடியா அதற்கு உதாரணம். 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. பக்கம் பக்கமாக அதை உறிஞ்சாமல், கிவிக்ஸ் என்னும் செயலியின் மூலம் முழுத்தொகுதியையும் ஒரே கோப்பாகப் பெற்று, இணையமில்லாத ரெயில் பயணத்திலும் கைப்பேசியில் படிக்கலாம். 1998-இல் முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டமோ, சங்க நூல்கள் முதலாகத் தான் தட்டெழுதி வைத்தவற்றை எடுத்துச் செல்லுங்கள், பிறருக்கும் கொடுங்கள் என்றே சொல்கிறது. ஒரே நிபந்தனை, கோப்பின் தலையில் உள்ள முகப்புரையை நீக்கக்கூடாது. அதில்தான் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கின்றன. அதை வெட்டிவிட்டு வெறும் பாடலை மட்டும் வைத்துக்கொள்பவர்களைக் காணும்போது நமக்குக் கோபம் வருவது இயல்பே.

மற்றவர் தளத்தில் பிரதி எடுக்கையில் மரியாதை ஒன்று உண்டு. நம் குடியிருப்புகளில் கார்ப்பரேஷன் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவரை அண்டை வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தனி மனிதர் கைக்காசு செலவிட்டு நடத்தும் சிறு தளத்துக்கு மாதம் இவ்வளவுதான் போக்குவரத்து என்று அளவு வைத்திருப்பார்கள். வினாடிக்குப் பத்துப் பக்கமாக நாம் இழுத்தால், அன்றைக்கு மற்ற வாசகர்களுக்குத் தளம் திறவாது. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே சில வினாடி பொறுக்கும்படி கருவிக்குச் சொல்லிவைக்கலாம். இரவு முழுவதும் ஓடினால் நமக்கென்ன நஷ்டம்? இன்ன பகுதிக்கு இயந்திரங்கள் வரவேண்டாம் என்று தளக்காரர் வாயிலில் எழுதி வைக்கும் 'ரோபாட்ஸ்' குறிப்பு 1994-இலிருந்து வழக்கத்தில் உள்ளது. 2022-இல் முறையான இணையத் தர ஆவணமும் ஆயிற்று. விகெட்டும் எச்டிடிராக்கும் இயல்பாகவே அதை மதிக்கும். அதை மீறச் செய்யும் திருகும் இரண்டிலும் இருக்கிறது; அதைத் தொடாமலிருப்பது நலம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரல் நீங்கலாக மற்றப் படைப்புகளைச் சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான முறையில் கையாள்வதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. இக்காரியங்களுக்காக மின்னணுச் சாதனத்தில் சேமித்து வைப்பதையும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனோடு சேர்த்தது. 'சொந்த உபயோகம்', 'நியாயமான' என்ற இரண்டு சொற்களையும் அழுத்திப் படிக்க வேண்டும். சந்தா கட்டிப் படிக்கும் பத்திரிகையின் கிடங்கை முழுவதும் வாரி வந்து நண்பர் குழுவுக்கெல்லாம் அனுப்புவது இதில் அடங்காது. மறைந்துபோன தளத்தின் பிரதி நம்மிடம் இருக்கிறது என்பதற்காக அதை நம் பெயரில் மறுபடி வெளியிடவும் உரிமை கிடையாது. எழுதியவரையோ அவர் வாரிசையோ கேட்க வேண்டும்.

பிரதியை ஒரே டிஸ்கில் வைப்பது போதாது. இரண்டாவது ஒன்றை வேறொரு வீட்டில், ஊரில் இருக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ, கொடுத்து வைக்கலாம். உறையின் உள்ளே ஒரு சிறு குறிப்பில் தளத்தின் விலாசம், எடுத்த தேதி, எதை விலக்கினோம் என்ற மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். எங்கள் பழைய பிரதிகள் சிலவற்றில் தேதியில்லை. எந்த ஆண்டின் நிலை என்று இன்று எங்களுக்கே தெரியவில்லை.

அந்தப் பெரியவரின் பாடல் தளத்துக்கு வருவோம். அவர் காலமான இரண்டாண்டுக்குப்பின் நாகபுரியிலிருந்து அவருடைய மகள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். "அப்பா செய்ததெல்லாம் போய்விட்டது, உங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்" என்றார். பெருமையோடு கணிப்பொறியைத் திறந்தோம். நூற்று நாற்பது பக்கமும் இருந்தன. பழைய திஸ்கி எழுத்துருவும் கூடவே இருந்ததனால் எழுத்தும் தெளிவாக வந்தது. அம்மாள் பாடிய தாலாட்டுப் பக்கத்துக்கு வந்ததும் அவர், "இதைக் கொஞ்சம் போடுங்கள்" என்றார். 'கேட்க' என்பதை அழுத்தினோம். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பாட்டு, அதற்கடுத்தது, எதுவும் பேசவில்லை. பெரியவர் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒலிக் கோப்புகளை மட்டும் வேறொரு தளத்தில் வைத்து, அங்கிருந்து இணைத்திருக்கிறார். 'தளத்துக்கு வெளியே போகாதே' என்று நாங்கள் கருவிக்குச் சொல்லியிருந்தோம், அது போகவில்லை. பிரதியெடுத்த நாளில் சோதித்தபோது எங்கள் வீட்டில் இணையம் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியபோது குரல் வெளியிலிருந்து வந்ததை, எங்கள் டிஸ்கிலிருந்து வருவதாக எண்ணிவிட்டோம். அந்த மற்றொரு தளமும் இப்பொழுது இல்லை. வேபேக் மெஷினிலும் தேடினோம். பக்கங்கள் சில கிடைத்தன, ஒலி கிடைக்கவில்லை.

அந்த அம்மாளுக்கு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம். பாடல்களில் ஏழெட்டுக்கு மெட்டு தமக்குத் தெரியும் என்றார். மற்றவற்றுக்கு மெட்டுத் தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை.

இப்பொழுது எந்தத் தளத்தைப் பிரதியெடுத்தாலும், எடுத்து முடிந்ததும் வீட்டின் வைபையை அணைத்துவிடுகிறோம். கைப்பேசியையும் தனியே வைத்துவிட்டு, முகப்பிலிருந்து தொடங்கி, கண்ட இணைப்பையெல்லாம் தொட்டு, படமுள்ள இடத்தில் படம் வருகிறதா, குரலுள்ள இடத்தில் குரல் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். நூறு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது.